வாசலை மறிப்பதா, நீருக்கடியில் அடிப்பதா?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற இரண்டு மலைப்பாதைகள்: குன்னூர் வழி, கோத்தகிரி வழி. மண் சரிந்து ஒன்று அடைபட்டால் அரிசி லாரி மற்றதில் சுற்றி ஏறும், கேரட் மூட்டையும் அதிலேயே இறங்கும். இரண்டும் போனால் கூடலூர்ப் பக்கம்தான் பார்க்க வேண்டும். எதிரியின் சரக்குக் கப்பல்களைத் தடுக்கக் கடல் வாசலை மறிக்கும் முற்றுகை வலிதா, நீர்மூழ்கி வலிதா என்று யோசித்தபோது, முற்றுகை எனக்குப் பிடிபட்டது இந்தக் கணக்கில்தான்.

முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் ஜெர்மனிக்குப் பெருங்கடலுக்குப் போக இரண்டே வாசல்: ஆங்கிலக் கால்வாய், ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடல். இரண்டிலும் பிரிட்டன் உட்கார்ந்துகொண்டது. ஜெர்மன் துறைமுகத்தை நெருங்கவே வேண்டாம். ஊட்டி ஏறும் வண்டிகளுக்குக் கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்ப்பதுபோல வரும் கப்பலை நிறுத்தி, சரக்கைச் சோதித்தால் போதும். போரில் சேராத ஹாலந்து, டென்மார்க் என்ற கூடலூர் வழியில் கொஞ்சம் கசிந்தது. அந்த நாடுகளுக்கே பிரிட்டன் ரேஷன் குறித்தது. 1916-17 குளிரில், உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்துப்போக, ஜெர்மானியர் டர்னிப்பைத் தின்று நாளைக் கடத்தினார்கள். 1918 நவம்பரில் சண்டை ஓய்ந்தும் முற்றுகை 1919 ஜூலை வரை விலகவில்லை. சத்தமில்லாத ஆயுதம்தான், அதற்காக இரக்கமுள்ளது என்று சொல்லிவிட முடியாது.

நீர்மூழ்கி, வாசல் கையில் இல்லாதவனின் ஆயுதம். அதில் சரக்கைச் சோதிக்க ஆளில்லை, பிடித்தவர்களை வைக்க இடமில்லை. மேலே வந்து நின்றால் சின்னப் பீரங்கியே அதை முடித்துவிடும். அதனால் சொல்லாமல் அடிக்கும். சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்கூட, மாலுமிகளை வேறு கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோமே, அந்தப் பெருமை நீர்மூழ்கிக்குக் கிடைக்கவில்லை. 1915இல் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்த பயணிகள் கப்பல் லூசிடானியாவோடு ஏறத்தாழ 1,200 பேர் போனார்கள். 1917 ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் மூழ்கி பிரிட்டன் ஆடிப்போனது உண்மை. அதே மாதம் 6ஆம் தேதி அமெரிக்கா எதிரணியில் இறங்கியது. கப்பல்களைக் கூட்டமாக்கி, காவலோடு அனுப்பியதும் வேட்டையும் குறைந்தது.

இதோடு முற்றுகைக்கே என் ஓட்டு என்று முடித்திருப்பேன். ஜப்பான் விடவில்லை. இரண்டாம் உலகப்போரில் அது இழந்த வணிகக் கப்பல் டன்னில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் வேலை. அமெரிக்கக் கடற்படையில் அந்தப் பிரிவினர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை! எண்ணெயெல்லாம் தெற்கிலிருந்து கடல் வழியே வர வேண்டிய நாடு, கப்பல் காவலுக்கென்று தனித் தலைமையகம் அமைத்ததோ 1943 நவம்பரில். காவலில் அசந்தவனிடம் நீர்மூழ்கியே முற்றுகையாகிவிடுகிறது.

பின்னாளில் குன்னூரில் வந்து குடியிருந்த ராணுவத் தளபதி மானெக்‌ஷா நடத்திய 1971 போரில் இரண்டுமே நடந்தன. டிசம்பர் 9இல் பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி நம் போர்க்கப்பல் குக்ரியை மூழ்கடித்தது. கிழக்குப் பாகிஸ்தானுக்கு நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் போட்ட முற்றுகை மட்டும் அசையவில்லை.