ரைஸா, ரெய்ஸா? லையா, லேயா?

விலை உயர்ந்தது; விலையை உயர்த்தினார்கள். தமிழில் இந்த இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ‘ரைஸ்’ (rise) போடுவதா, ‘ரெய்ஸ்’ (raise) போடுவதா என்று கை நின்றுவிடுகிறது. பள்ளியில் படித்த தன்வினையும் பிறவினையும்தான் இது. தானே உயர்ந்தால் ரைஸ், இன்னொன்றை உயர்த்தினால் ரெய்ஸ்.

லை (lie), லே (lay) இரண்டுக்கும் இதே கணக்கு: கிட, கிடத்து. குழந்தை பாயில் கிடந்தால் லை, குழந்தையைப் பாயில் கிடத்தினால் லே. சந்தேகம் வந்தால் ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் லே. கோழி முட்டையிடுவதும் லேதான். எதை? முட்டையை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், லை என்பதன் இறந்தகாலமே லே! நேற்று முழுக்கக் காய்ச்சலில் கட்டிலில் கிடந்தேன் என்பதற்கு ‘ஐ லே இன் பெட்’ என்பதே சரி. அங்கே லெய்ட் (laid) வராது; அது ‘கிடத்தினேன்’ என்பதற்கு. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் அடிக்கடி சறுக்கும் இடம் இது, அதனால் கூச வேண்டாம். மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்: கிட என்பதற்கு லை, லே, லெய்ன் (lie, lay, lain); கிடத்து என்பதற்கு லே, லெய்ட், லெய்ட் (lay, laid, laid).

அப்புறம் ஹியர், லிசன். நமக்கு இரண்டுக்கும் ‘கேள்’ என்ற ஒரே சொல். ஆனாலும் வேறுபாடு நம்மிடம் இருக்கிறது. ‘எனக்கு இடிச் சத்தம் கேட்டது’ என்றால் அது தானாகக் காதில் விழுந்தது, ஹியர். ‘நான் பாட்டுக் கேட்டேன்’ என்றால் காது கொடுத்தேன், லிசன். போனில் ‘கேக்குதா?’ என்பதற்கு ‘கேன் யூ ஹியர் மீ?’ என்றுதான் கேட்க வேண்டும். ‘ஆர் யூ லிசனிங்?’ என்றால், ‘நான் பேசுறதைக் கவனிக்கிறீங்களா?’ என்று அதட்டுவது போல ஆகிவிடும். எனக்குத் தெரிந்தவரை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

பாரோ, லெண்ட் சுலபம்: இரவல் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். ‘கேன் யூ பாரோ மீ எ பென்?’ என்பது தவறு.

கம், கோ இரண்டில் நம் பழைய இலக்கணமே கைகொடுக்கிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். ஆங்கிலத்திலும் பேசுகிறவரை நோக்கியோ கேட்கிறவரை நோக்கியோ நகர்ந்தால் கம்தான். ‘சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன்’ என்று தமிழில் எப்படி வருகிறதோ, அப்படியே ‘ஐ வில் கம்’ என்று சொல்லுங்கள். கையில் பழம் கொண்டு வருவதாக இருந்தால் ப்ரிங். அங்கிருந்து வேறொருவர் வீட்டுக்குக் கொண்டு போவதாக இருந்தால் டேக்.