ஜெய்ப்பூர் கால், கார்பன் கால், கணினி முழங்கால்: காலை இழந்த ராணுவ வீரருக்கு எது பொருந்தும்?

கண்ணிவெடியில் காலை இழந்த வீரரின் வீட்டார் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே நல்ல கால் எது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. முழங்கால் மிஞ்சியிருக்கிறதா? அவர் இனி எங்கே, எப்படி வாழப்போகிறார்? இதைத் தெரிந்துகொள்ளாமல் விலைப்பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை.

முழங்கால் இருந்தால் பாதி யுத்தம் முடிந்தது. ஆள் மிதித்து வெடிக்கும் சிறு கண்ணிகள் பெரும்பாலும் பாதத்தையும் கணுக்காலையும்தான் சிதைக்கின்றன. அதனால் பலருக்கு முழங்காலுக்குக் கீழேதான் அறுவை நடக்கும். இவர்களுக்கு உண்மையான போட்டி ஜெய்ப்பூர் காலுக்கும் கார்பன் பாதத்துக்கும் இடையில்தான்.

1968-இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தியும் ஜெய்ப்பூர் காலை உருவாக்கினார்கள். அதுவரை இங்கே கிடைத்தது 'சாக்' வகைப் பாதம். கணுக்கால் அசையாது, மேலே கட்டாயம் ஷூ போட வேண்டும், குத்தவைத்து உட்கார முடியாது. வாங்கியவர்கள் அதை வீட்டு மூலையில் சாய்த்துவிட்டு மறுபடி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்கள். ஜெய்ப்பூர் பாதம் செய்யப்படும் விதமே வேறு. நுண்துளை ரப்பர் கட்டைகளையும் மரக்கட்டையையும் அடுக்கி, மேலே தோல் நிற ரப்பரைச் சுற்றி, டயருக்குச் செய்வதுபோல அச்சில் வைத்துச் சூடேற்றி இறுக்குகிறார்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும். வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், சம்மணம் போடலாம். வரப்பு மேடுபள்ளமாக இருந்தால் பாதம் பக்கவாட்டிலும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். 1975-இல் டி.ஆர்.மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இதை இலவசமாகவே பொருத்துகிறது.

குறையும் உண்டு. பாதம் கனமானது. ஊன்றிய வேகத்தைத் திருப்பித் தராது. நடக்கலாம், வயல் வேலை பார்க்கலாம், ஆனால் நீண்ட தூரம் ஓட நினைப்பவருக்கு இது சரிவராது.

அந்த இடத்தைத்தான் கார்பன் பாதம் பிடித்தது. வான் பிலிப்ஸ் 1984-இல் கொண்டுவந்த 'ஃப்ளெக்ஸ்-ஃபுட்' அதன் முன்னோடி. ஊன்றும்போது தகடு வளைந்து, விடும்போது நிமிர்ந்து உடலை முன்னால் தள்ளும். 1999 கார்கில் போரில் காலை இழந்த மேஜர் டி.பி.சிங் கார்பன் பிளேடு காலோடு அரை மாரத்தான் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். ராணுவத்திலேயே தொடர்ந்து பணியாற்ற விரும்பும் இளைஞருக்கு நான் தயங்காமல் கார்பனைத்தான் சொல்வேன். ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்க்கப் போகிறவருக்கு ஜெய்ப்பூர் பாதம். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். ஓடுவதற்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று கேட்பது ஆடம்பரம் அல்ல.

எல்லாச் சாதனைக்கும் காலே காரணமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2002-இல் காஷ்மீரில் கண்ணிவெடியில் காலை இழந்த நாகாலாந்து வீரர் ஹொகாட்டோ சேமா, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டெறிதலில் வெண்கலம் வென்றார். அவருடைய பிரிவில் உட்கார்ந்தபடிதான் எறிய வேண்டும்.

சரி, முழங்காலும் போயிருந்தால்? இங்கே கணக்கே மாறிவிடுகிறது. மலிவு விலைப் பக்கம் நிற்பது ஸ்டான்ஃபோர்டு மாணவர்களும் ஜெய்ப்பூர் அமைப்பும் சேர்ந்து வடிவமைத்த ஜெய்ப்பூர் முழங்கால். நைலானால் ஆனது. வெளிவந்தபோது விலை சுமார் 20 டாலர்தான். ஒற்றைக் கீல் முழங்காலைவிட நன்றாக நிற்கும். மறுபக்கம் ஜெர்மனியின் ஓட்டோபாக் 1997-இல் அறிமுகப்படுத்திய சி-லெக் என்ற கணினி முழங்கால். உள்ளே உணரிகள், ஒரு சிறு கணினி, எண்ணெய் அழுத்தக் குழாய். விலை பல லட்சம்.

படி இறங்கும்போது வித்தியாசம் தெரியும். சாதாரண முழங்கால் போட்டவர் செயற்கைக் காலை முதலில் இறக்கி, நல்ல காலை அதன் பக்கத்தில் வைத்து, மறுபடியும் அதேபோல் ஒவ்வொரு படியாக இறங்குவார். கண் தரையை விட்டு நகராது. சி-லெக் போட்டவர் கால் மாற்றிக் கால் வைத்து இறங்கலாம். முழங்கால் எடையைத் தாங்கியபடியே மெல்ல மடங்கும். தடுக்கினால் மடங்காமல் விறைத்துப் பிடித்துக்கொள்ளும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் குறைந்தால்தான் மனிதர் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் தனியாகப் போவார். அதனால் முழங்காலுக்கு மேல் காலை இழந்தவருக்கு அரசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சார்ஜ் போட வேண்டும், பழைய மாடல்களைத் தண்ணீரில் இறக்க முடியாது என்பவை உண்மையான சிரமங்கள். அமெரிக்க ராணுவத்தின் தேவையை ஒட்டி அதே நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்3 முழங்கால் தண்ணீரிலும் இயங்கும், ஆனால் விலை அதைவிட அதிகம்.

இத்தனை அலசலுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: சாக்கெட். எஞ்சிய கால் உள்ளே நுழைகிற அந்தக் கிண்ணம் சரியில்லையென்றால் எந்தப் பாதமும் பயன்படாது. வெடியில் அறுந்த கால் சீராக ஆறுவதில்லை. ஒட்டுத்தோல், தழும்பு, சதைக்குள் புதிதாக முளைக்கும் எலும்பு என்று பிரச்சினைகள் வரும். முதல் வருடத்தில் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே போகும். நேற்று இறுக்கமாக இருந்தது இன்று தொளதொளவென்று ஆடும், வியர்வையில் வழுக்கும், புண் வரும். சாக்கெட்டே வேண்டாம் என்று எலும்புக்குள் டைட்டானியம் தண்டைப் பதிக்கும் முறை 1990-இலேயே ஸ்வீடனில் தொடங்கிவிட்டது. ஆனால் தண்டு தோலைத் துளைத்து வெளிவரும் இடத்தில் தொற்று வரும் ஆபத்து நீடிக்கிறது. மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்க்காரருக்கு இதை நான் இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே புனேயில் 1944 முதல் இயங்கும் ராணுவச் செயற்கை அவயவ மையத்திலோ வேறெங்கோ கால் பொருத்திக்கொள்ளும்போது, பாதத்தின் பிராண்டை விசாரிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: சாக்கெட் தளர்ந்தால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள், அதற்கு எந்த ஊர் வரை போக வேண்டும்?