ஸ்டாய்ச்கோவா, பெர்பட்டோவா?

பல்கேரியக் கால்பந்தின் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரர் யார் என்று பேச ஆரம்பித்தால் கடைசியில் இரண்டு பெயர்தான் மிஞ்சும்: ஹ்ரிஸ்டோ ஸ்டாய்ச்கோவ், டிமிடார் பெர்பட்டோவ். இருவருமே உள்ளூர் கிளப்பான சிஎஸ்கேஏ சோபியாவில் ஆடிப் பேர் வாங்கிவிட்டு வெளிநாடு போனவர்கள். ஒற்றுமை அதோடு சரி.

கணக்கை மட்டும் பார்த்தால் பெர்பட்டோவ்தான். நாட்டுக்காக 78 ஆட்டங்களில் 48 கோல். ஸ்டாய்ச்கோவ் 83 ஆட்டங்களில் 37. ஆனால் அந்த 48-ல் ஒன்றுகூட உலகக் கோப்பையில் விழவில்லை. பெர்பட்டோவ் காலத்தில் அணி அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஸ்டாய்ச்கோவ் போனார். 1994-க்கு முன் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்காத நாடு அது. காலிறுதியில் எதிரே நடப்புச் சாம்பியன் ஜெர்மனி, 1-0 என்று முன்னிலையில். 75-வது நிமிடம் ஃப்ரீ கிக். தடுக்க வரிசையாக நின்ற ஆட்டக்காரர்களின் சுவரை இடது காலால் தாண்டி வளைத்து அடித்தார். கோல்கீப்பர் இல்க்னர் நின்ற இடத்திலேயே நின்றார். மூன்றே நிமிடத்தில் சக வீரர் லெச்கோவ் தலையால் முட்டி இரண்டாவதை அடிக்க, ஜெர்மனி வெளியே. அந்தத் தொடரில் ஸ்டாய்ச்கோவுக்கு 6 கோல், அந்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது.

கோபம் மட்டும் அடங்காது. 1985 பல்கேரியக் கோப்பை இறுதியில் நடந்த அடிதடிக்காக ஆயுள் தடை வாங்கி, அது பிறகு குறைக்கப்பட்டது. பார்சிலோனா போன முதல் ஆண்டே ரெஃப்ரியின் காலை மிதித்துத் தடை.

பெர்பட்டோவ் ஓடவே மாட்டார் என்பார்கள். ஓடத் தேவை இல்லாத மாதிரி ஆடினார் என்பேன் நான். 2008-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக ஆடியபோது வெஸ்ட்ஹாமுக்கு எதிரான அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள்: எல்லைக்கோட்டைத் தாண்டப் போகும் பந்தை ஒரே தொடுதலில் அடக்கி, அப்படியே சுழன்று தடுப்பாட்டக்காரரை ஏமாற்றி, ரொனால்டோவுக்குத் தட்டிவிட்டார். ரொனால்டோவுக்கு மிச்சம் வைத்தது பந்தை உள்ளே தள்ளும் வேலை மட்டும். 2010-11-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 கோல், அதில் லிவர்பூலுக்கு 3, பிளாக்பர்னுக்கு 5. அப்படியும் அந்த சீசன் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில்கூட அவருக்கு இடமில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

2017-ல் 36 வயதில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்து ஒரே ஒரு கோல் அடித்தார். அதை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

வேடிக்கையான இன்னொரு ஒற்றுமையும் உண்டு: அதிக கோல் பரிசை இருவருமே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டாய்ச்கோவ் 1990-ல் ஐரோப்பிய லீகுகளின் பரிசை ஹ்யூகோ சான்செஸுடன், 1994-ல் உலகக் கோப்பைப் பரிசை சலென்கோவுடன். பெர்பட்டோவ் 2011-ல் பிரீமியர் லீக் பரிசை டெவெஸுடன்.

சரி, ஒருவர்தான் என்றால்? சும்மா உட்கார்ந்து ரசிக்க பெர்பட்டோவ். 1-0 என்று பின்தங்கி, கால் மணி நேரம் மிச்சம் இருக்கும்போது ஃப்ரீ கிக் கிடைத்தால், பந்தை ஸ்டாய்ச்கோவிடம் கொடுத்துவிடுவேன்.