ஃபோர்டு டாரஸ்: கம்பெனி மறந்த காரை நான் ஓட்டிய அனுபவம்

ஃபோர்டு டாரஸ் என்றதும் அமெரிக்காவில் பலருக்கு நினைவுக்கு வருவது விமான நிலையத்து வாடகைக் கார்தான். "வேற வண்டி எதுவும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாவெறுப்பாகச் சாவியை வாங்கிக்கொள்ளும் ரகம். இதே கார் 1992 முதல் 1996 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அந்த நாட்டில் அதிகம் விற்ற கார் என்றால், இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் நம்புவதில்லை.

நான் ஓட்டியது 2004 மாடல் செடான். 3.0 லிட்டர் வி6, ஆட்டோமேட்டிக். டெட்ராய்ட் பக்கம் வேலை பார்த்தபோது பழைய வண்டியாக வாங்கி, பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். கார் பத்திரிகைகள் புகழ்ந்தது முதல் தலைமுறை டாரஸை, திட்டியது மூன்றாவதை. நான்காவதை, அதாவது 2000 மாடல் முதல் 2007 மாடல் வரை வந்ததை, யாரும் சட்டையே செய்யவில்லை. என்னைக் கேட்டால், பழைய வண்டி வாங்குகிறவனுக்குக் கிடைத்த நல்ல டாரஸ் அதுதான். கம்பெனியே கண்டுகொள்ளாமல் விட்டதால்தான் அது நல்ல வண்டியாக இருந்தது என்றும் சொல்வேன். எப்படி என்று பார்க்கலாம்.

1980களின் தொடக்கத்தில் ஃபோர்டுக்கு நேரம் சரியில்லை. மூன்று வருஷத்தில் 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஜப்பான் கார்கள் உள்ளே வந்துவிட்டன, இவர்களோ எல்டிடி மாதிரி பெட்டி பெட்டியான கார்களைச் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது லூ வெரால்டி தலைமையில் 'டீம் டாரஸ்' என்று ஒரு குழு அமைந்தது. அதுவரை டிசைனர் வரைந்து இன்ஜினியர் தலையில் கட்டுவார், இன்ஜினியர் அதைத் தொழிற்சாலை தலையில் கட்டுவார். இந்தத் தடவை எல்லாரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து உட்கார வைத்தார்கள். போட்டிக் கார்களை வாங்கிப் பிரித்துப் போட்டு, எந்தக் காரில் எது நன்றாக இருக்கிறது என்று ஏறக்குறைய 400 அம்சங்களைப் பட்டியல் போட்டார்கள். ஆக்ஸிலரேட்டர் காலுக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆடி 5000, பெட்ரோல் முள் பொய் சொல்லாமல் காட்டுவதற்கு டொயோட்டா சுப்ரா, ஸ்டெப்னியும் ஜாக்கியும் வைக்கும் இடத்துக்கு ஒரு பிஎம்டபிள்யூ என்று போகிறது அந்தப் பட்டியல்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. அசெம்பிளி லைனில் நிற்கும் தொழிலாளர்களிடமும் போய் யோசனை கேட்டிருக்கிறார்கள். போல்ட் தலையெல்லாம் ஒரே அளவில் இருந்தால் நிமிஷத்துக்கு ஒரு ஸ்பேனர் மாற்ற வேண்டாமே என்றார்கள் அவர்கள். அதேபோல, பானெட்டைத் திறந்தால் வண்டிக்காரர் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய இடங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார்கள். என் 2004இலும் ஆயில் டிப்ஸ்டிக்கின் பிடி அதே மஞ்சள்தான்.

முதல் டாரஸ் 1985 டிசம்பரில், 1986 மாடலாக விற்பனைக்கு வந்தது. ஜாக் டெல்நாக் குழுவின் வடிவமைப்பு. முன்னால் கிரில்லே கிடையாது, மொழுமொழுவென்ற மூக்கில் ஃபோர்டின் நீள்வட்டச் சின்னம் மட்டும். ஜெல்லி மிட்டாய், உருளைக்கிழங்கு என்றெல்லாம் கிண்டல் செய்தார்கள். ஆனால் 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை அந்த வருஷத்தின் சிறந்த கார் என்றது, ஜனங்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். அப்புறம் 1989இல் எஸ்ஹெச்ஓ என்று ஒரு வேகமான டாரஸ் வந்தது. யமஹாவோடு சேர்ந்து செய்த 220 குதிரைசக்தி வி6, ஐந்து கியர் மேனுவல். வெளியே பார்த்தால் குடும்ப வண்டி, அழுத்தினால் வேறு ஆள். அதற்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 1992இல் மட்டும் நாலு லட்சத்துக்கும் மேல் டாரஸ் விற்றது.

அதற்கப்புறம்தான் சறுக்கல். 1996 மாடலில் எல்லாவற்றையும் முட்டை வடிவமாக்கினார்கள். ஹெட்லைட் முட்டை, பின்கண்ணாடி முட்டை, உள்ளே ரேடியோவும் ஏசி பொத்தான்களும் சேர்ந்து ஒரு முட்டை. விலையும் ஏறியது. ரேடியோ பிடிக்கவில்லை என்று கழற்றி வேறு மாட்டவும் வழியில்லை, ஏனென்றால் சதுர ரேடியோவுக்கு அங்கே இடம் ஏது? முதல் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாடகைக் கம்பெனிகளுக்கு ஏராளமாகத் தள்ளிவிட்டார்கள். 1997இல் டொயோட்டா கேம்ரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, டாரஸுக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. முட்டை டிசைனால்தான் கார் போச்சு என்பார்கள். நான் அதை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே காலத்தில் ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியும் எஃப்-150 பிக்கப் டிரக்கும் ஒவ்வொன்றுக்கும் பல ஆயிரம் டாலர் லாபம் கொடுத்துக்கொண்டிருந்தன. அப்படி இருக்கும்போது செடானில் எவன் காசு போடுவான்? 2000இல் முட்டையைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்தார்கள், டிக்கியைப் பெரிதாக்கினார்கள், அதோடு கை கழுவிவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கார் கொண்டுவந்தபோது, இது சின்னச் சின்ன ஒப்பனை மாற்றத்தோடு 2006 வரை தயாரானது.

நான் வாங்கியது 2009இல். ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போன வருஷம், டெட்ராய்ட் பகுதியில் யாரைப் பார்த்தாலும் முகத்தில் களையில்லை. பக்கத்து ஊரான டியர்பார்னில் ஒரு ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி விற்றார். ஆயில் மாற்றிய ரசீதுகள் எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தன. அவர் வீட்டு வாசலில் புது எஃப்-150 நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலாயிரம் டாலருக்குள் முடிந்தது. அதே வயசு, அதே மைல் ஓடிய கேம்ரிக்கு இன்னும் பாதி கூடுதலாகக் கேட்டார்கள்.

இன்ஜினைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிப் பேச முடியாது. 'வல்கன்' என்று பெயர். 1986இல் முதல் டாரஸில் வந்த அதே 3.0 லிட்டர் வி6. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு, வால்வுகளைத் தள்ள பழங்காலத்து புஷ்ராடு, டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். 155 குதிரைசக்தி. அந்தக் காலத்து ஹோண்டா அக்கார்டோடு ஒப்பிட்டால் சத்தம் ஜாஸ்தி, துடிப்பு கம்மி. ஹைவேயில் ராம்ப் ஏறும்போது உறுமும், ஆனால் உறுமலுக்கு ஏற்ற வேகம் வராது. ஆனால் இருபது வருஷமாக ஒரே இன்ஜினைச் செய்தால் அதில் இருந்த கோளாறெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாகியிருக்கும், இல்லையா? பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் மனப்பாடம். டாரஸுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் 90களின் 3.8 லிட்டர் இன்ஜினும் அதன் ஹெட் கேஸ்கெட்டும், அந்தக் காலத்து கியர்பாக்ஸும்தான். 2004க்குள் 3.8 போயே போச்சு, கியர்பாக்ஸும் தேறியிருந்தது.

மைலேஜ் சுமார்தான். ஊருக்குள் கேலனுக்கு 17, 18 மைல். ஹைவேயில் சீராக ஓட்டினால் 26 வரை வந்தது, நம் கணக்கில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர். 18 கேலன் டேங்க் என்பதால் ஒருமுறை நிரப்பினால் சிகாகோ போய்த் திரும்பும் வழியில் பாதி தூரம் வரை பங்க் பக்கம் போக வேண்டாம்.

ஸ்பார்க் பிளக் மாற்றியதைச் சொல்ல வேண்டும். இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருப்பதால் மூன்று பிளக் ரேடியேட்டர் பக்கம், கண்ணெதிரே இருக்கும். பத்து நிமிஷ வேலை. மற்ற மூன்றும் பின்னால், டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தகட்டுச் சுவர்ப் பக்கம். கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்டென்ஷன் மாட்டிய சாக்கெட்டைக் கையில் பிடித்து, தடவித் தடவித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புதுப் பிளக்கை விரலால் நூல் பிடிக்க வைக்கும்வரை மூச்சே விட மாட்டேன், கோணலாக ஏறிவிட்டால் ஹெட்டே வீண். மணிக்கட்டில் சிராய்ப்பு, சாயங்காலம் முழுக்க அதற்கே போனது. ஆனால் பிளாட்டினம் பிளக் என்பதால் லட்சம் மைலுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

உள்ளே வசதி என்று பார்த்தால் இரண்டு விஷயங்களுக்காக இன்னும் ஏங்குகிறேன். ஒன்று முன்சீட். கியர் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் முன்னால் நடுவில் ஒரு சின்ன சீட் உண்டு. மடக்கினால் கப் வைக்கும் கன்சோல், விரித்தால் ஆறாவது ஆளுக்கு இடம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தபோது குழந்தைகளோடு ஆறு பேரும் ஒரே வண்டியில் கோயிலுக்குப் போய் வந்தோம். அப்பா முதல் தடவை ஏறியதும் கீழே தேடிவிட்டு, "என்னப்பா, கியரையே காணோம்?" என்றார். காட்டியதும், "அட, நம்ம அம்பாசடர் மாதிரி!" என்று ஒரே சந்தோஷம். அந்த நடு சீட்டுக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான், குழந்தையை அங்கே உட்கார வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, டிரைவர் கதவில் இருந்த ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண். ஐந்து இலக்க எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும், கடைசி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும். மிச்சிகன் ஜனவரியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, சாவியை உள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டு, வீட்டுக்குள் போய் காபி குடித்து வரலாம். வரும்போது வண்டி கதகதவென்று இருக்கும். இன்று ஃபோனில் ஆப் வைத்துச் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பொத்தான்களே போதும்.

குறைகளும் உண்டு. பின்சீட்டில் தொடைக்குத் தாங்கல் போதாது. வண்டி வழுக்கும்போது தானாகவே கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இந்த வண்டியில் எந்த வருஷமும் வரவில்லை, பனியில் நல்ல டயர் போட்டு நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கெல்லாம் மலிவு ரகம்.

இடையில் ஒருமுறை, ரிவர்ஸிலிருந்து டிரைவ் போடும்போது 'டொக்' என்று இடிக்க ஆரம்பித்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும் என்று இரண்டாயிரம் டாலருக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டி விலையே அவ்வளவு இருக்காது. தெரிந்த லெபனான்காரர் ஒருவர் டியர்பார்னில் சின்ன ஷெட் வைத்திருந்தார். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை மிதித்தபடி கியர் மாற்றச் சொன்னார். இன்ஜின் எழும்பிக் குதித்தது. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மதியத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இதற்குள் டாரஸின் கதையும் திரும்பத் திரும்ப முடிந்துகொண்டிருந்தது. அட்லாண்டாவை ஒட்டிய ஹேப்வில் ஆலையில் 2006 அக்டோபர் 27 அன்று கடைசி வண்டி இறங்கியது. அதை வாங்கியவர் சிக்-ஃபில்-ஏ உணவகங்களை நிறுவிய ட்ரூயட் கேத்தி. அவருடைய முதல் உணவகம் அந்த ஆலைக்கு எதிரில்தான் இருந்தது, ஆலைத் தொழிலாளர்கள் சாப்பிட்ட காசில் வளர்ந்தவர். இன்று அந்த ஆலை இருந்த இடத்தில் போர்ஷே கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகம் நிற்கிறது. அதே 2006இல் போயிங்கிலிருந்து ஃபோர்டின் தலைவராக ஆலன் முலாலி வந்தார். போயிங் 777 விமானத்தை உருவாக்கியபோது டீம் டாரஸ் வேலை செய்த விதத்தை அவர்கள் பாடமாகவே படித்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் வந்து பார்த்தால், அந்தப் பெயரையே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்! உடனே 'ஃபைவ் ஹண்ட்ரட்' என்று விற்றுக்கொண்டிருந்த பெரிய காருக்கு டாரஸ் என்று பெயர் மாற்றினார். அது பெரிய ரகம், பழைய நடுத்தர டாரஸோடு பெயர் தவிர சம்பந்தம் இல்லை. அதுவும் 2019 மார்ச்சில் சிகாகோ ஆலையில் நின்றுபோனது. வளைகுடாவில் இருக்கும் நண்பர்கள் "இங்கே புது டாரஸ் ஓடுதே" என்பார்கள். அது சீனாவில் விற்கும் காரை ஒட்டிய வேறு வண்டி.

என் வண்டியை முடித்தது இன்ஜினோ கியர்பாக்ஸோ இல்லை, உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கமே இருக்கிறது, குளிர்காலத்தில் ரோட்டில் அள்ளிக் கொட்டுவார்கள். முதலில் பின்சக்கர வளைவில் கொப்புளம், அப்புறம் கதவுக்குக் கீழே ஓட்டை. கடைசியில் லிஃப்டில் ஏற்றியபோது, இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேம் பாடியோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கியது. இன்ஜின் அப்போதும் முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆனது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

இப்போதும் யாராவது ஊருக்குள் ஓட்ட ஒரு டாரஸ் வாங்க நினைத்தால், 2000 முதல் 2007 வரையிலான மாடலாக, பனி கொட்டாத தென்மாநிலத்து வண்டியாகப் பாருங்கள். கீழே படுத்து சப்ஃபிரேம் மூலைகளைத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வல்கன் இன்ஜினில் பின்பக்கமிருந்து 'கீச் கீச்' என்று குருவிச் சத்தம் வந்தால் அது கேம் சின்க்ரனைசர். ஆயில் பம்ப்பைச் சுற்றுவதும் அதே தண்டுதான், அது இறுகிப்போனால் இன்ஜினே போய்விடும், அதனால் முதல் வேலையாக மாற்றுங்கள். கியர் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும், கருகிய வாடை வந்தால் வேண்டாம். 96-99 எஸ்ஹெச்ஓ வி8 மேல் ஆசை இருந்தால், கேம் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது வால்வுகளை இயக்கும் தண்டின் பல்சக்கரத்தை, வெல்டிங் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். சாதாரண வல்கன் செடானுக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் கேட்டால், பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.