ஏழாவது பாட்டில்: சிங்கப்பூர் வெக்கையில் ஆஃப்டர் ஷேவ் பாம்

போன வாரம் ஏழாவது பாட்டிலைத் திறந்தேன். 100 மில்லி பாட்டில் ஒன்று எனக்கு ஏறக்குறைய ஆறு மாதம் வரும். அப்படிப் பார்த்தால் ஷேவ் செய்தபின் தோலைத் தணிக்கத் தடவும் ஆஃப்டர் ஷேவ் பாம் போடத் தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. முதல் மாதம் எனக்கு இது பிடிக்கவே இல்லை. அந்த மாதத்திலேயே எழுதியிருந்தால் "வாங்காதீர்கள்" என்றுதான் எழுதியிருப்பேன்.

எங்கள் வீட்டில் ஷேவ் என்றால் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ் லோஷன். அப்பா ஷேவ் செய்து முடித்ததும் உள்ளங்கையில் லோஷனை ஊற்றிக் கன்னங்களில் பட்பட்டென்று தட்டுவார். வரவேற்பறை வரைக்கும் வாசம் வரும். எனக்கு மீசை அரும்பிய வயதில் எனக்கும் தட்டிவிட்டார். நான் துள்ளியதைப் பார்த்து, "எரிஞ்சாத்தான்டா கிருமி சாகும்" என்றார். அந்த வார்த்தையை நம்பியே இருபது வருடம் ஓட்டினேன்.

தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, தேக்கோங் தீவுக்குப் போனபோதுதான் முதல் அடி. தினமும் காலையில் இருட்டோடு ஷேவ், மேலே லோஷன், காட்டுப் பயிற்சி நாட்களில் அதற்கும் மேலே பச்சையும் கருப்புமான உருமறைப்பு க்ரீம். வியர்வையில் எல்லாம் கலந்து கழுத்துப் பக்கம் தீயாக எரியும். இரண்டாவது வாரத்தில் தாடைக்குக் கீழே சின்னச் சின்னக் கட்டிகள். லோஷன் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றிக்கொண்டேன்.

அந்த எரிச்சலின் காரணத்தைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் உண்டு. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு பட்டால்தான் அவை "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அதாவது நம் தோலின் சொந்தச் சூடே நெருப்புச் சூடாகத் தெரிகிறது. கத்தி ஏற்கெனவே முடியோடு சேர்த்துத் தோலின் மேல் படலத்தையும் கொஞ்சம் வழித்து எடுத்திருக்கும். அங்கே ஆல்கஹால் போனால், இருக்கிற எண்ணெய்ப் பசையும் ஈரமும் சேர்ந்து போகும். அப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். ஆனால் எரிச்சல் அதற்கு அடையாளம் இல்லை.

லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் நான் முடி வெட்டிக்கொள்ளும் அண்ணன் லோஷன் பக்கமே போகமாட்டார். ஷேவ் முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். படிகாரத்தை நாக்கில் வைத்தால் துவர்க்கும். தோலிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. சுருக்கிப் பிடித்து, சின்ன வெட்டுகளில் கசியும் ரத்தத்தை நிறுத்தும். அதற்கு அதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. இன்றும் என் குளியலறையில் ஒரு கட்டி இருக்கிறது. ஆனால் முகம் முழுக்கத் தினமும் தேய்த்தால் தோல் இழுத்துப் பிடிக்கிறது, குறிப்பாக நாள் முழுக்க ஏர்கானில் உட்கார்ந்திருக்கும் என் மாதிரி ஆட்களுக்கு. கழுத்தைப் பார்த்துவிட்டு அந்த அண்ணன்தான் சொன்னார்: "தம்பி, மொட்டை போட்டா என்ன தடவுறோம்? சந்தனம்தானே? ஸ்பிரிட்டா ஊத்துறோம்? குளிர்ச்சியா ஏதாவது போடுங்க." அன்றைக்கே போய் முதல் பாட்டிலை வாங்கினேன்.

பாம் என்றதும் இங்கே பலருக்கு டைகர் பாம் போன்ற தலைவலித் தைலம்தான் ஞாபகம் வரும். இது அந்த வகை இல்லை. பாலை விடக் கொஞ்சம் கெட்டியான, க்ரீமை விட இளகிய ஒரு திரவம். புது விஷயமும் இல்லை, நிவியா 1980இலேயே ஆல்கஹால் இல்லாத பாமைக் கொண்டுவந்துவிட்டது. நான் எந்தப் பெயரையும் சிபாரிசு செய்யப்போவதில்லை. பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கத்தான் சொல்வேன். கிளிசரின் இருக்க வேண்டும், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாந்தனால், அலன்டோயின் இரண்டில் ஒன்றாவது இருந்தால் நல்லது, காய்ந்து சிவந்த தோலைத் தணிப்பவை. கெமோமில் பூவிலிருந்து வரும் பிசபோலாலும் அந்த வகைதான். "ஆல்கஹால் டீநாட்" (Alcohol Denat., தோலைக் காயவைக்கும் ஆல்கஹால்) என்று பட்டியலின் முன்பகுதியில் இருந்தால் வைத்துவிடுங்கள். ஆனால் செட்டைல் ஆல்கஹால், செட்டியரைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். பெயரில்தான் ஆல்கஹால், அவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள், தோலைக் காயவைக்காது. மென்தால் போட்டதையும் நான் தவிர்க்கிறேன். அது குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறதே தவிர, தோல் உண்மையில் குளிர்வதில்லை.

சரி, முதல் மாதம் ஏன் பிடிக்கவில்லை? அளவு தெரியாமல் போட்டேன். சிங்கப்பூரில் விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். காலை ஆறு மணிக்கு ஷேவ் செய்துவிட்டு, விளம்பரத்தில் காட்டுவதுபோல் ஒரு கை நிறைய எடுத்துப் பூசினால் அது எங்கே உறியும்? அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் முகம் பிசுபிசுக்கும். மேலே சன்ஸ்கிரீன் போட்டால் இரண்டும் சேர்ந்து வெள்ளையாக உருண்டு உதிரும். சட்டைக் காலரில் எல்லாம் ஒட்டியது.

இப்போது செய்வது இதுதான். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுப்பேன், தேய்ப்பதில்லை. முகத்தில் லேசாக ஈரம் இருக்கும்போதே, ஒரு பெரிய கொண்டைக்கடலை அளவு பாமை உள்ளங்கைகளில் பரப்பி, முதலில் கழுத்தில் வைத்து அழுத்துவேன். மிச்சம் இருப்பது கன்னத்துக்குப் போதும். மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான் சன்ஸ்கிரீன். இன்னொரு மாற்றமும் செய்தேன். முடிந்தவரை ஷேவை இரவுக்குத் தள்ளிவிட்டேன். இரவில் வெயில் இல்லை, வியர்வை இல்லை, தோலுக்கு ஏழெட்டு மணி நேரம் ஓய்வு. பாமைவிட இந்த நேர மாற்றத்துக்கே பாதிப் பெருமை சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாசனை விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. முதல் இரண்டு பாட்டில் நல்ல வாசம். ஆனால் மதியத்துக்கு மேல் கழுத்தில் ஒரு நமைச்சல் இருந்துகொண்டே இருந்தது. மூன்றாவதிலிருந்து வாசனை சேர்க்காத வகைக்கு மாறினேன், நமைச்சல் பத்து நாளில் நின்றது. வாசனை வேண்டும் என்றால் சட்டையில் அடித்துக்கொள்ளலாம், வழித்த தோலுக்கு அது தேவையில்லை.

எனக்குப் பெரிய சோதனை தைப்பூசம். ஒவ்வொரு வருடமும் பால்குடம் எடுக்கிறேன். விரத நாட்களில் ஷேவ் கிடையாது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் தொடங்கி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலில் இறக்கி வைத்து, வீட்டுக்கு வந்து அடுத்த நாள் தாடியை எடுக்கும்போது, பல வாரமாகக் கத்தி படாத தோல் குழந்தையின் தோல் மாதிரி இருக்கும். முன்பெல்லாம் அதன்பின் நான்கைந்து நாள் கழுத்து சிவந்து கிடக்கும். பாம் வந்தபின் முதல் தைப்பூசத்தில், டிரிம்மரால் ஒட்ட வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, ஒரே ஒரு முறை வழித்துவிட்டுப் பாம் போட்டேன். மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். சிவப்பு இல்லை.

ஆனால் பாமால் ஆகாததும் இருக்கிறது. என் கழுத்து முடி சுருண்டு வளரும். பல பிளேடு உள்ள ரேசரில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது வெட்ட, முனை தோலுக்குள் போய்விடும். அப்புறம் அது சுருண்டு உள்ளேயே வளர்ந்து கட்டியாகும். இதை எந்த பாமும் தடுக்காது. ஒரே பிளேடுக்கு மாறினேன். தோலை இழுத்துப் பிடிக்காமல், முடி வளரும் திசையிலேயே வழிக்கிறேன். அப்படியும் தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும், அது எனக்குப் பழகிவிட்டது. கட்டி ஆறிய இடத்தில் நம் நிறத் தோலில் கருப்புத் தழும்பு நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கருக்கும். இங்கே நடுப்பகலில், வெயிலின் புற ஊதாக் கதிர் வீச்சைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. எனக்கு அந்தத் தழும்புகள் மங்க எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் சன்ஸ்கிரீனின் பங்குதான் பெரியது. கட்டியில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ பாமைத் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள், பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போங்கள்.

செலவு, ஒரு பாட்டில் எனக்கு 14 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வாக்கில் வருகிறது. தேக்கா பக்கம் வாங்கினால் சில நேரம் இன்னும் குறையும். மூடியைத் திறந்து கவிழ்க்கும் வகையைவிட, அழுத்தினால் வரும் பம்ப் வகையே நல்லது, அளவு தவறாது.

அடுத்த மாதம் ரிசர்விஸ்ட், தேசிய சேவை முடித்தவர்களை மறுபடி அழைக்கும் ராணுவப் பயிற்சி. இரவு ஷேவ் என்ற என் ஏற்பாடு அங்கே நடக்காது, காலையில்தான். 30 மில்லி குப்பி ஒன்றில் பாமை ஊற்றி, கூடவே படிகாரத் துண்டு ஒன்றையும் பையில் போட்டு வைத்துவிட்டேன்.