எருசலேம் போகிறவர்கள் இந்தக் கோயிலுக்கு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்

சென்னை டிராவல்ஸ் ஒன்றில் பதிவு செய்து புனித நாட்டு யாத்திரை போய் வந்தோம். மொத்தத்தில் திருப்தி. பெத்லகேமில் ஹோட்டல் சுத்தமாக இருந்தது. கூட வந்த போதகர் ஐயர் ஒவ்வொரு இடத்திலும் நிதானமாக ஜெபித்து நடத்தினார். முட்டிவலிக்காரர்களைக் கைபிடித்தே கூட்டிப்போனார்கள். எனக்குக் குறை ஒன்றுதான். ஒலிவமலைச் சரிவில் இருக்கிற டொமினுஸ் ஃபிளேவித் கோயிலில் எங்களை நிற்கவே விடவில்லை. "போட்டோ எடுத்துட்டு வாங்கம்மா, கெத்செமனேக்கு லேட் ஆகுது" என்று கைடு விரட்டிக்கொண்டே இருந்தார்.

எருசலேமைப் பார்த்து இயேசு கண்ணீர் விட்டதன் நினைவாக எழுந்த கோயில் அது. இத்தாலியரான அந்தோனியோ பர்லூட்சி கண்ணீர்த்துளி வடிவில் அமைத்தார். 1955-இல் கட்டி முடித்தார்கள். பீடத்துக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் பழைய நகரமும், முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தின் பொற்கூரையும் தெரியும். எல்லாருடைய செல்போனும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். நீங்கள் குனிந்து பீடத்தின் முன்புறத்தைப் பாருங்கள். வட்டமான மொசைக். வெள்ளைக் கோழி, சிவப்புக் கொண்டை, விரித்த சிறகுக்கடியில் மஞ்சள் குஞ்சுகள். கோழியின் தலையைச் சுற்றிப் பொன் ஒளிவட்டம்! சுற்றிலும் லத்தீனில் வசனம். "கோழி தன் குஞ்சுகளைத் தன் சிறகுகளின்கீழே கூட்டிச்சேர்த்துக்கொள்ளும்வண்ணமாக" என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிற அதே வசனம்தான்.

அந்தக் கோழி இயேசுதான். லூக்கா 13-ஐ எடுத்துப் பாருங்கள். தம்மைக் கொல்லத் தேடிய ஆட்சியாளன் ஏரோதை நரி என்கிறார். இரண்டு வசனம் தள்ளித் தம்மைக் கோழிக்கு ஒப்பிடுகிறார். நரி வந்தால் தாய்க்கோழி என்ன செய்துவிட முடியும்? தன் உடம்பைக் குறுக்கே போடும். சிலுவையை இதைவிட எளிதாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

கர்த்தரைத் தாயென்று சொன்னால் இது என்ன புது உபதேசம் என்று நம் சபைகளில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் 11-ஆம் நூற்றாண்டிலேயே, பின்னாளில் இங்கிலாந்தின் கான்டர்பரி பேராயரான அன்செல்ம் கிறிஸ்துவைத் தாயே என்றழைத்து, உம் சிறகின்கீழ் இந்தக் குஞ்சைச் சேர்த்துக்கொள்ளும் என்று ஜெபித்தார். இங்கிலாந்தின் நார்விச் ஜூலியன் அம்மையார் 1373-இல் மரணப்படுக்கையில் தரிசனங்கள் கண்டு பிழைத்தவர். தாய் பிள்ளைக்குப் பாலூட்டுகிறாள், நம் தாயாகிய இயேசுவோ தம்மையே ஊட்டுகிறார் என்று எழுதினார். கிறிஸ்துவின் உடலாக அப்பத்தைத் தருகிற நற்கருணைப் பீடத்திலேயே கோழியைப் பதித்திருப்பது அதனால் எனக்கு அவ்வளவு பொருத்தமாகப் பட்டது. ஏசாயா 66:13 இவர்கள் எல்லாருக்கும் முந்தியது: "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்."

பணம் கட்டும் முன்பே இந்தக் கோயிலுக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். மதியம் அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போவது நல்லது. கெத்செமனே வரைக்கும் செங்குத்தான இறக்கம். வழுக்காத செருப்பு அவசியம். மகளிர் ஐக்கியமாகப் போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் லூக்கா 13-ஐ வாசித்துவிட்டுப் போங்கள்.