மாலத்தீவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? என் 28 இன்ச் டிராலி பெட்டி பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்

பெட்டியின் இழுவைக் கைப்பிடி மறுபடியும் போய்விட்டது. மாலத்தீவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நான், லீவுக்கு ஊருக்கு வந்த கையோடு நாகர்கோவிலில் பை, பெட்டி சரிபண்ணும் கடையில் கொடுத்து, 700 ரூபாய் செலவழித்து மாற்றிக்கொண்டு வந்தேன். அதே வாரத்தில் பழைய பள்ளியில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்திக்கு மாலத்தீவில் ஆங்கில ஆசிரியை வேலை உறுதியாகி, "அக்கா, நீங்க வச்சிருக்கீங்கள்ல, அதே பெட்டி இப்ப ஆஃபர்ல பாதி விலைக்கு வருது, வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். வாட்ஸப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. அவளைப் போல இன்னும் பலர் கிளம்பிக்கொண்டிருப்பார்கள் என்பதால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

பெட்டி எப்படிப்பட்டது என்று விவரிக்கத் தேவையில்லை. பாலிகார்பனேட் ஓடு, நாலா பக்கமும் சுழலும் சக்கரம், நம்பர் பூட்டு. எல்லாக் கடை வாசலிலும் கலர் கலராக நிறுத்தி வைத்திருப்பார்களே, அதேதான். கம்பெனிப் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற குறை இந்த வகைப் பெட்டி எல்லாவற்றுக்குமே பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இதை ஒரே விரலால் தள்ளிக்கொண்டு போகலாம். தலைநகர் மாலேயின் விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித்தீவில் இருக்கிறது, அதன் வழுவழு தரையிலும் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். 2018இல் திறந்த கடல் பாலத்தின் வழியாக டாக்ஸியில் மாலே நகரத்துக்குள் போய் இறங்கும் வரைக்கும் கூட ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நமக்கு வேலை மாலேயிலா கிடைக்கிறது? அந்த நாட்டில் ஆள் வசிக்கும் தீவுகள் இருநூறுக்குள் இருக்கும், பணி நியமனக் கடிதத்தில் அதில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். எனக்கு வடக்கே ஹா தாலு அத்தொளுவில் (தீவுக்கூட்டத்தை அங்கே அப்படிச் சொல்வார்கள்) ஒரு சின்னத் தீவு. மாலேயிலிருந்து ஹனிமாதூவுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து லாஞ்ச் (ஸ்பீட்போட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), அப்புறம் படகுத்துறை, அதைத் தாண்டினால் பவளப்பாறை உடைந்து பொடியான வெள்ளை மணல் தெரு. அந்த மணலில் காலை வைத்த நிமிடத்திலிருந்து இந்தப் பெட்டியின் சக்கரத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. மணலில் புதைந்து இரண்டு கோடு போடும், அவ்வளவுதான். பெட்டியை லாஞ்சில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆள் தூக்கித்தான் கொடுக்கிறார், படகுத்துறையிலிருந்து வீட்டுக்குக் கைவண்டியில்தான் போகிறது. இரண்டு இடத்திலும் பிடித்துத் தூக்கப் பக்கவாட்டில் ஒரு கெட்டியான பிடி இருந்தால் போதும். இதில் இருப்பதோ ரப்பரில் செய்த மெல்லிசுப் பிடி. லாஞ்ச் ஆட்கள் அவசரத்தில் இழுவைக் கைப்பிடியைப் பிடித்தே தூக்கிவிடுவார்கள். கைப்பிடி கோணுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது எடைக்கு வருகிறேன், என் கோபமே அதில்தான். காலிப் பெட்டி 4.6 கிலோ. வெளிநாட்டு விமானத்தில் 30 கிலோ அனுமதித்தால் இது பெரிதாகத் தெரியாது. உள்நாட்டு விமானத்தில் என் டிக்கெட்டுக்கு 20 கிலோதான், கைப்பைக்கு 5. அதாவது 20இல் கிட்டத்தட்ட கால்வாசியைப் பெட்டியே தின்றுவிடுகிறது. கூடுதல் எடைக்குக் கட்டும் பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிற இடத்தில் 4.6 கிலோ என்றால் 3 லிட்டர் குக்கர், இரண்டு உபரி கேஸ்கெட், அரைக் கிலோ சாம்பார் பொடி, மிச்சத்துக்குப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு, மணலில் உருளாத சக்கரத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது.

ரிப்பேர் கடை அண்ணாச்சி பழைய கைப்பிடியைக் கழற்றி மேசையில் போட்டபோது கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று போகும் அலுமினியக் குழாய் இரண்டு பக்கமும், அவற்றுக்குள்ளே மெல்லிசான இரும்புக் கம்பி, முனையில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் சின்ன முள். மேலே பட்டனை அழுத்தினால் கம்பி முள்ளை உள்ளே இழுக்க வேண்டும், அப்போதுதான் குழாய் நகரும். ஸ்பிரிங் துருப்பிடித்து, தொட்டாலே உதிர்கிற மாதிரி இருந்தது. அலுமினியத்தின் மேல் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. உப்புக்காற்று அங்கே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாற்புறமும் கடல், ஜன்னலைச் சாத்தினாலும் வரும். நாலு மாதம் கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்த பெட்டிக்கே இந்தக் கதி. ஜிப்பின் ரன்னருக்கும் இதே வியாதிதான், ஆனால் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விட்டால் அதை ஓரளவு காப்பாற்றிவிடலாம். கைப்பிடிக்குள் மெழுகு போகாது.

வாரண்டி இருந்த காலத்தில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கும் போனேன். துரு வாரண்டியில் வராது என்றார்கள். சரி, விதி அப்படி என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கைப்பிடியை மட்டும் காசுக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டதற்கு, உதிரி பாகம் இல்லை, புதுப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளுபடி தருகிறோம் என்றார்களே, அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வேறு பெட்டியிலிருந்து கழற்றிய ராடை அறுத்து அளவாக்கி, ரிவிட் அடித்து, முக்கால் மணி நேரத்தில் அண்ணாச்சி வேலையை முடித்துக் கொடுத்தார். இந்த அளவுக்கு ஒரு கம்பெனியால் முடியாதா?

இனி இந்தப் பெட்டியைப் பற்றி நான் எதிர்பார்க்காத ஒரு நல்ல விஷயம். இதை எழுதாவிட்டால் நியாயமில்லை. அங்கே மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, ஹுளங்கு என்பார்கள். அந்த மாதங்களில் அறைக்குள் இருக்கும் எல்லாமே நமுத்துப்போகும். மர அலமாரியில் வைத்த என் கைப்பையின் ரெக்சின் உரிந்து கையோடு வந்தது, செருப்பில் பச்சையாகப் பூஞ்சை. அதே அறையில், இந்தப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடி வைத்த சான்றிதழ்கள் ஒரு சுருக்கம் கூட இல்லாமல் கல்லூரியில் வாங்கின மாதிரியே இருக்கின்றன. பட்டுப்புடவை இரண்டு வைத்திருந்தேன், அவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை லாஞ்சில் அலை அடித்து எல்லோருடைய சாமானும் தொப்பலாக நனைந்தபோதும் ஓட்டுக்குள் தண்ணீர் போகவில்லை, ஜிப் ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம். இந்த ஓட்டைச் செய்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

சான்றிதழ் என்று சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டில் ஆசிரியராகப் போகிறவரின் மொத்தப் பிழைப்பும் அந்தக் காகிதங்களில் இருக்கிறது. டிகிரி, பி.எட்., மார்க் ஷீட் எல்லாவற்றின் ஒரிஜினலும், அவற்றில் வெளியுறவு அமைச்சக முத்திரையும், பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கும் போலீஸ் கிளியரன்ஸும் வேண்டும். போன பிறகு அந்த நாட்டுத் தகுதி ஆணையம் டிகிரியைச் சரிபார்க்கும், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மறுபடி கேட்பார்கள். ஒரிஜினலை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். முத்திரை பின்பக்கத்தில்தான் குத்துவார்கள், பிளாஸ்டிக் மேல் குத்த மாட்டார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அந்த நாட்டுக்குள் நுழைவதற்கான இமுகா என்ற இணையப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். பயணத்தின்போது சான்றிதழ் பை கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். தீவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்குப் பெட்டி.

லேமினேட் செய்ய வேண்டியது பாட அட்டைகளை. ஊரில் சார்ட் பேப்பரில் அழகாக எழுதிக்கொண்டு போன படச்சொல் அட்டைகள் அங்கே முதல் மழைக்கே ஈரத்தில் ஊறின அப்பளம் மாதிரி வளைந்துவிடும். லேமினேட் செய்தவை வருடக்கணக்கில் தாங்குகின்றன. அங்கே பள்ளிப்படிப்பு ஆங்கில வழியில்தான், பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். திவேஹி மொழியை வலமிருந்து இடமாகத் தானா எழுத்தில் எழுதும் அந்தப் பிள்ளைகள், நம் பிள்ளைகளைவிடக் கூச்சமில்லாமல் ஆங்கிலம் பேசுவார்கள். ஒரு பக்கம் கோர்வையாக எழுதச் சொன்னால்தான் திணறுவார்கள். அதற்கு இலக்கணப் புத்தகத்தைவிடக் கதைப் புத்தகம்தான் உதவும் என்பது என் அனுபவம். என் வகுப்பில் ஒரு பையன் வருடம் முழுக்க நாலு வரிக்கு மேல் எழுதினதில்லை. ஒரு திகில் கதையைப் பாதியில் நிறுத்தி மீதியை எழுதிக்கொண்டு வா என்றேன். நோட்டில் மூன்று பக்கம் நிரப்பிக்கொண்டு வந்து நின்றான். எடையில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு கிலோவும் எனக்கு நாலைந்து கதைப் புத்தகம். பெட்டியின் 4.6 கிலோ மேல் இவ்வளவு எரிச்சல் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

எடுத்துப் போகத் தேவையில்லாதவையும், போகக் கூடாதவையும் உண்டு. அரிசி, மாவு, சர்க்கரை அங்கே கட்டுப்பாட்டு விலையில் கிடைக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து சரக்கு போகிற நாடு அது, வெங்காயத்துக்குக் கவலையே வேண்டாம். கறிவேப்பிலை அவர்கள் சமையலிலும் உண்டு. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் இவற்றுக்குச் சட்டப்படி தடை. வீட்டில் ஆசையாகக் கொடுக்கிற பித்தளைப் பிள்ளையாரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அது அந்த நாட்டுச் சட்டம், சுங்கத்தில் வாதாடுவதற்கு அங்கே இடமில்லை. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டோடு எடுத்துப் போக வேண்டும். கரண்ட் நம் வோல்டேஜ்தான், ஆனால் பிளக் பாயிண்ட் பெரும்பாலும் தட்டையான மூன்று கம்பி போகும் வகை. ஒரே ஒரு அடாப்டரும் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருந்தால் போன், லேப்டாப், மிக்ஸி வரை சமாளிக்கலாம். இண்டக்ஷன் அடுப்பை மட்டும் அதில் செருக வேண்டாம்.

சரி, பெட்டிக்கு என்ன முடிவு? என் சான்றிதழையும் புடவையையும் காப்பாற்றிக் கொடுத்த பெட்டி இது. ஓட்டில் இன்று வரை ஒரு விரிசல் இல்லை, பூட்டு ஒரு நாளும் தகராறு செய்ததில்லை, உள்ளே துணி கசங்குவதில்லை. இவ்வளவும் இருந்தும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு நாள், கைப்பிடி ரிப்பேருக்கு 700 ரூபாய் கொடுக்காத ஒரு வாரத்தில் எழுதியிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேனோ என்னவோ. பெட்டி ரிப்பேராகி வந்துவிட்டது, நான் இதையேதான் திரும்பவும் கொண்டுபோகிறேன்.

ஆனால் நீ வாங்காதே பாப்பா. சக்கரம் இல்லாத, அகலமான தோள்வார் வைத்த தார்ப்பாய்ப் பை ஒன்று எடு, ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது, லாஞ்ச் ஆட்கள் எப்படிப் பிடித்துத் தூக்கினாலும் கோணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சான்றிதழுக்கும் புடவைக்கும் இறுக்க மூடுகிற பிளாஸ்டிக் டப்பா மாலேயிலேயே கிடைக்கும், போகிற வழியில் வாங்கிக்கொள். சிலிக்கா ஜெல் மட்டும் இங்கிருந்து எடுத்துப் போ. ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்றாயே, முடியட்டும். மிச்சமாகிற எடைக்கு என்னென்ன கதைப் புத்தகம் எடுத்துப் போகலாம் என்று ஒரு பட்டியல் நாளைக்கு அனுப்புகிறேன்.